ஒரு லேத், நாலு பேர், ஒரு ஜோடிக் கையுறை

கேள்வி இதுதான். டிப்ளமா மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கிறீர்கள், ஊர் தக்கலைப் பக்கம். ஒர்க்‌ஷாப்பில் ஒரு லேத்துக்கு, அதாவது இரும்பைச் சுழற்றிக் கடைகிற மெஷினுக்கு, நாலு பேர். கைக்குப் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று அப்பா ஒரு ஜோடிக் கையுறை வாங்கித் தந்தார். போட்டுக்கொண்டு போனால் சார் "கழற்றிவிட்டு வா" என்றார், காரணம் சொல்லவில்லை. ஆனால் வீடியோக்களில் கையுறை போட்டுத்தான் வேலை செய்கிறார்கள். யார் சொல்வது சரி? அதோடு கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "நான் மெதுவாகச் செய்கிறேன் என்று மற்ற மூன்று பேரும் கடுப்பாகிறார்கள், அவர்கள் அவசரத்தைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது." என்னைக் கேட்டால் உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரிதான். கையுறைக்குச் சீக்கிரம் பதில் சொல்லிவிடலாம். நாலு பேர் ஒரே மெஷினில் நின்று, ஒருவருக்கும் அடிபடாமல், ஒருவருக்கொருவர் தொந்தரவாகவும் இல்லாமல் வேலை செய்வது எப்படி என்பதற்குத்தான் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் இருபத்தாறு வருடம் டர்னர் (லேத் வேலை) பிரிவுக்கு இன்ஸ்ட்ரக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். லேத், டிரில்லிங், ஷேப்பர், மில்லிங், பெஞ்ச் கிரைண்டர் எல்லாம் கைப்பழக்கம். கம்ப்யூட்டர் ஓட்டுகிற சிஎன்சி மெஷின்கள் வந்தபோது நான் கிளம்பும் நேரம் ஆகிவிட்டது, அதனால் அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

கையுறை விஷயத்தில் உங்கள் சார் சொன்னது சரி. லேத், டிரில்லிங் மெஷின், மில்லிங் மெஷின் எதுவானாலும் ஓடும்போது கையுறை கூடாது. இதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. காரணத்தைக் கணக்காகப் பார்த்தால் மனதில் நிற்கும். 25 மில்லிமீட்டர் ராடு ஒன்று நிமிடத்துக்கு 500 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது வினாடிக்கு எட்டுச் சுற்றுக்கு மேல். ஏதோ சிக்கிவிட்டது என்று உங்களுக்குத் தெரிந்து கை பின்னால் வர ஏறத்தாழ கால் வினாடி ஆகும். அதற்குள் ராடு இரண்டு சுற்று சுற்றிவிடும். அந்த ராடின் சுற்றளவு 78 மில்லிமீட்டர், ஆக பதினாறு சென்டிமீட்டர் துணி ஏற்கெனவே அதில் சுற்றியாகிவிட்டது. சிக்கியது ராடில் இல்லாமல் அந்த ராடைக் கவ்விச் சுழற்றுகிற 200 மில்லிமீட்டர் சக்கில் என்றால் அதே கால் வினாடியில் ஒரு மீட்டருக்கும் மேல். வெறுங்கை உரசினால் பெரும்பாலும் தோல் கிழிந்து கை வெளியே வந்துவிடும். கையுறை கிழியாது. கிழியாததுதான் பிரச்சினை, அது கையையும் சேர்த்து இழுக்கும். நம் பக்கத்தில் இதை விளக்க எனக்கு ரப்பர் ரோலர் போதும். குலசேகரம், அருமனைப் பக்கத்துப் பையன்கள் வீட்டில் ரப்பர் ஷீட் அடித்துப் பழகியவர்கள். இரண்டு உருளையும் சேரும் வாயில் ஷீட்டின் நுனியை வைத்தால் மீதியை அதுவே இழுத்துக்கொள்ளும் என்று அவர்களுக்குத் தெரியும். கையால் சுற்றுகிற ரோலர் என்றால் சுற்றுகிறவர் நிறுத்துவார். மோட்டாருக்கு அது தெரியாது என்று சொன்னால் போதும், அடுத்த நாள் கையுறை கேட்டு யாரும் வர மாட்டார்கள்.

கையுறைக்கு இடமே இல்லை என்று சொல்லவில்லை. தகடு தூக்கும்போது, வெட்டிய இரும்புத் துண்டுகளை அடுக்கும்போது, வெல்டிங்கில், அப்புறம் மெஷினை நிறுத்தியபின் சிப்ஸ் (வெட்டி விழும் இரும்புச் சீவல்) அள்ளும்போது, தாராளமாகப் போடலாம். வீடியோக்களில் நீங்கள் பார்த்தது அப்படிப்பட்ட வேலையாக இருக்கலாம். ஓடுகிற லேத்திலேயே போட்டிருந்தார்கள் என்றால் அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைத் தவிர அதிலிருந்து தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியில் பயன்படுத்துவது போன்ற மெல்லிய ரப்பர் கையுறை பற்றி மட்டும் தொழில் தெரிந்தவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. சிக்கினால் கிழிந்துவிடும், வெட்டும் இடத்தைக் குளிர்விக்கிற கூலன்ட் எண்ணெயால் தோல் அரிப்பவர்களுக்கு வேறு வழி என்ன என்பது ஒரு கட்சி. அது எப்போதும் கிழியும் என்று நம்ப முடியாது என்பது என் கட்சி. படிக்கிற காலத்தில் லேத்தருகே ஒரு மணி நேரம்தான் நிற்கப்போகிறீர்கள், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டால் போதும். அதற்கும் மேல் தோல் தடித்தால் டாக்டரைப் பாருங்கள். பெஞ்ச் கிரைண்டருக்குத் தோல் கையுறை போடலாம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். நான் விட்டதில்லை.

கையுறைக்குச் சொன்ன காரணம் அப்படியே மற்றவற்றுக்கும் பொருந்தும். முழுக்கைச் சட்டையின் பட்டன் போடாத நுனி, துப்பட்டா, பின்னி முன்னால் தொங்கவிட்ட ஜடை, மோதிரம், கடிகாரம். கல்லூரியே கழுத்தில் மாட்டச் சொல்கிற ஐடி கார்டுக் கயிறும் இதில் சேர்த்திதான், அதை முதலில் சட்டைப் பைக்குள் போடுங்கள். நம் மாவட்டத்தில் இன்னும் ஒன்று உண்டு. பாதிப் பேர் மணிக்கட்டில் கோயில் கயிறு, மீதிப் பேர் கழுத்தில் ஜெபமாலை அல்லது தாயத்து. கழுத்தில் இருப்பதை உள்ளே போட்டு மேல் பட்டன் வரை போட்டால் சரியாகிவிடும். கைக்கயிற்றை அப்படி ஒளிக்க முடியாது. அறுக்கச் சொன்னால் வீட்டில் சண்டை, அறுக்காவிட்டால் எனக்கு நெஞ்சிடி. கடைசியில் நான் செய்தது, கயிறு இருக்கும்வரை அந்தப் பையனுக்கு ஃபிட்டிங் பெஞ்சில் அரத்தால் தேய்க்கிற ஃபைலிங், கோடு கீறுகிற மார்க்கிங் வேலை. இரண்டாம் வாரம் கயிறு தானாகவே வீட்டிலிருக்கும். பெண்பிள்ளைகளுக்கு ஓவர்கோட்டுக்குள் துப்பட்டாவை விடுவதைவிட அதைக் கழற்றி பையில் வைத்துவிட்டு, கோட்டின் எல்லா பட்டனையும் போடுவது நல்லது. ஜடையைக் கொண்டையாக்கித் தொப்பிக்குள் செருகிவிட வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடியும் மூடிய ஷூவும் கட்டாயம். பவர் கண்ணாடி பக்கவாட்டில் மறைக்காது என்பதால் அது கணக்கில் வராது. காதில் மாட்டிய புளூடூத்தும் கூடாது. வெட்டுகிற டூல் மழுங்கினாலும், கடைகிற துண்டான ஜாப் நழுவினாலும் முதலில் சத்தம்தான் மாறும்.

இனி அந்த நாலு பேர். தொழிற்சாலையில் ஒரு டர்னருக்கு ஒரு லேத் என்று இருக்கும், நேற்று அவன் விட்ட இடத்தில் இன்று அவனே வந்து எடுப்பான். படிக்கிற இடத்தில் ஒருவர் ஜாபைப் பிடிப்பார், ஒருவர் அளக்கிற வெர்னியரோடு நிற்பார், ஒருவர் மெஷினை ஓடவைக்கிற லீவர் பக்கம் சாய்ந்திருப்பார், இன்னொருவர் வேடிக்கை. லேத்துக்குத் தேவை ஒரு ஜோடிக் கை. எனக்குப் பயம் எப்போதும் மீதி மூன்று ஜோடிக் கைகளைப் பற்றித்தான். நான் பார்த்தவற்றில் மயிரிழையில் தப்பியது பெரும்பாலும் "போடட்டுமா?", "ம், போடு" என்கிற பேச்சுக்கு நடுவில்தான்.

ஒன்றைச் சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம். இரண்டு பையன்கள் நாலு தாடைச் சக்கில் வார்ப்பு ஜாப் ஒன்றைச் சென்டர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதாவது ஆடாமல் சுற்றுமாறு நடுவுக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார்கள். ஒருவன் சக்கின் சாவியான கீயைச் சொருகித் தாடையை இறுக்குகிறான். பக்கத்து லேத்துக்காரன், "மக்கா, ஸ்கேல் இருக்கா?" என்று கேட்டான். இவன் தலையைத் தூக்காமலே "இருக்கு, எடு" என்றான். லீவர் பக்கம் நின்றவன் காதில் விழுந்தது "எடு" மட்டும். வண்டியை எடு என்பதுபோல மெஷினை எடுக்கச் சொல்கிறான் என்று நினைத்து லீவரைத் தூக்கிவிட்டான். கீ பறந்துபோய்ச் சுவரோரத் தகர அலமாரியில் குழி விழுகிற மாதிரி அடித்தது. இறுக்கிக்கொண்டிருந்தவனுக்கு மணிக்கட்டில் வீக்கம், அவ்வளவுதான். அந்த உயரத்தில், அந்தத் திசையில் யாராவது நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைப்பேன். தப்பு அந்தப் பையன்கள் மேல் இல்லை. இரண்டு பேரை ஒரு லேத்தில் நிறுத்தி, லீவரில் யார் கை என்று சொல்லாமல் ஸ்டோருக்குப் போனவன் நான்.

அன்றிலிருந்து என் பிரிவில் இரண்டு வழக்கம். ஜாபில் யார் கையோ அவர் கைதான் லீவரிலும். மற்றவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், எவ்வளவு பிரியத்தில் உதவ வந்தாலும், அடுத்தவருக்காக மெஷினைப் போட மாட்டார். நிறுத்துவது மட்டும் யார் வேண்டுமானாலும் செய்யலாம், அதற்கு அனுமதி வேண்டாம். இன்னொன்று, சக் கீ சக்கில் இருக்கும்வரை அதன்மேல் கை இருக்க வேண்டும். கையை எடுக்கிறீர்கள் என்றால் கீயும் கூடவே வர வேண்டும், ஒரு நொடிதானே என்று கீயை அங்கே விட்டுவிட்டு ஸ்கேல் எடுக்கத் திரும்பக்கூடாது. ஸ்பிரிங் வைத்த கீ உண்டு, கையை விட்டால் தானாக வெளியே தள்ளிவிடும். நல்ல ஏற்பாடு. ஆனால் இறுக்கும்போது அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்று பையன்கள் அந்த ஸ்பிரிங்கைக் கழற்றி வீசிவிடுவதையும் பார்த்திருக்கிறேன்.

மெஷின் உங்கள் கைக்கு வரும்போது அது முந்தின ஆள் விட்டுப்போன நிலையில் இருக்கும். இதைத்தான் புதியவர்கள் மறக்கிறார்கள். முந்தின பேட்ச் 10 மில்லிமீட்டர் ராடுக்கு மெருகு போட்டுவிட்டு 900 சுற்றில் விட்டுப் போயிருக்கலாம். நீங்கள் 100 மில்லிமீட்டர் வார்ப்பிரும்பு ஒன்றை மாட்டுகிறீர்கள். ஹைஸ்பீடு ஸ்டீல் டூலுக்கு வார்ப்பிரும்பில் நிமிடத்துக்கு 20 மீட்டர் போல வெட்டு வேகம் என்று வைத்தால், அந்த விட்டத்துக்கு வருவது 64 சுற்று. 900 சுற்றில் அதே பரப்பு நிமிடத்துக்கு 280 மீட்டருக்கு மேல் ஓடும். டூல் கருகுவது ஒரு பக்கம் இருக்கட்டும், தாடைப் பிடி சரியில்லாவிட்டால் அந்தக் கட்டி எங்கே போகும் என்று யோசியுங்கள். அதனால் வந்ததும் ஸ்பீடு லீவரைப் பாருங்கள். மரை வெட்டுகையில் டூலை நகர்த்துகிற ஹாஃப் நட் விழுந்திருக்கிறதா, டூலைத் தானாக நகர்த்துகிற ஆட்டோ ஃபீடு மாட்டியிருக்கிறதா, டூலைப் பிடிக்கிற டூல் போஸ்ட் இறுகியிருக்கிறதா, ஜாபின் மறுமுனையைத் தாங்குகிற டெயில் ஸ்டாக் நழுவுமா என்று கையால் தொட்டுப் பாருங்கள். பிறகு மெஷினை நியூட்ரலில் வைத்துச் சக்கைக் கையாலேயே ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். தாடையின் வால் டூல் போஸ்டிலோ, லேத்தின் அடிப்பாகமான பெட்டிலோ இடிக்கும் என்றால் அப்போதே தெரியும். நாலு தாடைச் சக்கில் தாடை வட்டத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், ஓடும்போது அது கண்ணுக்கே தெரியாது. இந்தச் சோதனை எல்லாம் சேர்ந்து ஒன்றரை நிமிடம். நீங்கள் மெதுவாகச் செய்கிறீர்கள் என்று சொல்வது இந்த ஒன்றரை நிமிடத்தைத்தான் என்றால், அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

பழைய பெல்ட் லேத் என்றால் இன்னொரு கவனம். அதில் சக்கை ஸ்பிண்டிலின் (சுழலும் தண்டின்) மரையில் திருகி மாட்டியிருப்பார்கள். ஓடிக்கொண்டிருப்பதைத் திடீரென்று ரிவர்ஸில் போட்டால் சக் தானே கழன்று உருண்டு வரும். சக்கைக் கழற்றும்போதும் மாட்டும்போதும் பெட்டின்மேல் ஒரு பலகை போடுவது பெட்டைக் காப்பாற்ற என்று சொல்லிக்கொடுப்பார்கள். விரலையும் அதுதான் காப்பாற்றும். நீளமான ராடு ஸ்பிண்டிலுக்குப் பின்னால் வாலாட்டிக்கொண்டு நிற்கிறதென்றால் முதலில் அறுத்துவிட்டு வாருங்கள், வேகம் ஏறினால் அது வளைந்து சாட்டையாக அடிக்கும். முன்பக்கம் தாங்கல் இல்லாமல் எவ்வளவு நீட்டலாம் என்பதற்கு விட்டத்தின் மூன்று மடங்கு என்று நான் சொல்லிக்கொடுத்தேன், நாலு மடங்கு என்று சொல்பவர்களும் உண்டு. அதையும் தாண்டினால் டெயில் ஸ்டாக் சென்டர் வேண்டும் என்பதில் எல்லாரும் ஒன்று. மெருகு தேய்க்கிற எமரி தாளை விரலில் சுற்றி ஓடும் ஜாபில் பிடிப்பது மட்டும் எந்தக் காலத்திலும் வேண்டாம். லேத்தில் ஃபைல் போடும்போது கைப்பிடியை இடது கையில் பிடிக்கப் பழகுங்கள். வலது கையால் பிடித்தால் இடது முழங்கை சக்குக்கு மேலே வந்து நிற்கும்.

கரண்ட் போய் வருவது நம் ஊரில் தனி அத்தியாயம். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரு மழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொரு மழை, இரண்டும் நமக்கு உண்டு. காற்றடித்து ஒரு தென்னை மட்டை கம்பியில் விழுந்தால் போதும். நல்ல ஸ்டார்ட்டர் உள்ள மெஷினில் கரண்ட் போனதும் நோ வோல்ட் காயில் இணைப்பை விட்டுவிடும், திரும்ப வந்தாலும் பச்சை பட்டனை அமுக்காமல் ஓடாது. பழைய மெஷின்கள் சிலவற்றில் வெறும் திருகு சுவிட்சுதான் இருக்கும். கரண்ட் போனதும் நாலு பேரும் கதை பேச ஆரம்பிப்பார்கள், ஒருவர் அந்த நேரத்தில் சிப்ஸைக் கையால் எடுப்பார், கரண்ட் வரும். அதனால் விளக்கு அணைந்த உடனே செய்ய வேண்டியது சுவிட்சை ஆஃப் பண்ணுவதும் டூலைப் பின்னால் இழுப்பதும். பேச்சு அப்புறம். உங்கள் ஒர்க்‌ஷாப்பில் எந்த மெஷின் எந்த வகை என்று சாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பழுது பார்ப்பதற்காக மெஷினைத் திறந்தால் மெயினை அணைத்து, பூட்டி, எச்சரிக்கை அட்டையும் தொங்கவிட வேண்டும். பழைய சோக் வைத்த ட்யூப்லைட்டின் கீழே வேலை என்றால் இன்னொரு கண்கட்டு வித்தை உண்டு. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், விளக்கு வினாடிக்கு நூறு முறை மினுங்கும். சில வேகங்களில் ஓடுகிற சக் நிற்பது மாதிரியே தெரியும். நின்றுவிட்டதா என்று சந்தேகம் வந்தால் லீவரைப் பாருங்கள், காதால் கேளுங்கள்.

டிரில்லிங் மெஷினை எல்லாரும் சின்னப் பிள்ளை மாதிரி நினைக்கிறார்கள். முதல் வருடத்தில் விரலில் வாங்கிக்கொள்வது அதிகமும் அங்கேதான். சின்னத் தகட்டைக் கையால் பிடித்து ஓட்டை போடும்போது, பிட் மறுபக்கம் வெளியே வருகிற நேரத்தில் கவ்வும். கவ்வினால் தகடு விசிறி மாதிரி சுற்றும். வைஸில் பிடியுங்கள், வைஸை டேபிளில் போல்ட் போடுங்கள். போல்ட் போட முடியாத நீளமான பட்டை என்றால் நீளமான பக்கம் உங்களுக்கு இடதுபுறம் வருமாறு, மெஷினின் தூணில் சாய்ந்து நிற்குமாறு வையுங்கள். பிட் வலஞ்சுழியாகச் சுற்றுவதால் கவ்வினாலும் பட்டை தூணில்தான் போய் நிற்கும், உங்கள் வயிற்றுக்கு வராது. பித்தளையும் மெல்லிய தகடும் கவ்வுவதில் மோசம்.

பெஞ்ச் கிரைண்டரில் 200 மில்லிமீட்டர் வீல் 2,800 சுற்று ஓடினால் அதன் விளிம்பு மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் போகிறது, காவல்கிணறு தாண்டி நாலுவழிச் சாலையில் பறக்கிற கார் மாதிரி. வீலுக்கும் டூலை ஊன்றுகிற டூல் ரெஸ்டுக்கும் நடுவில் 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் டூல் உள்ளே சொருகிக்கொள்ளும், அந்த மெஷினை அன்று தொடாதீர்கள், சாரிடம் சொல்லுங்கள். போட்டவுடன் நேரே நிற்காமல் ஒரு நிமிடம் பக்கவாட்டில் நில்லுங்கள், விரிசல் விட்ட வீல் என்றால் அந்த நேரத்தில்தான் சிதறும். வீலின் பக்கவாட்டுப் பரப்பில் அழுத்தித் தேய்க்காதீர்கள். அலுமினியம், பித்தளை வேண்டவே வேண்டாம், வீலின் துளைகள் அடைத்துக்கொள்ளும். அடுத்து டூல் தேய்க்க வருபவருக்கு அது வெட்டாது, அவர் மேலும் அழுத்துவார், சூடேறும். நீங்கள் செய்த வேலைக்கு அவர் அடிபடுவார்.

இங்கே வந்தால் பாதுகாப்பு எது, பண்பு எது என்று பிரித்துச் சொல்ல எனக்கே முடியவில்லை. டர்ன் பண்ணிச் சூடாக இருக்கும் ஜாபைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனால் அடுத்தவர் எடுப்பார். பார்வைக்குச் சூடு தெரியாது. பக்கத்தில் சாக்பீஸால் "சூடு" என்று எழுத இரண்டு நொடி. பிசிறு எடுக்காத ஜாபை அடுத்தவர் கையில் கொடுத்தால் உள்ளங்கை கிழியும். வெல்டிங் பக்கம் ஆர்க் வைப்பதற்குமுன் "கண்ணு!" என்று ஒரு குரல் கொடுக்காவிட்டால் பக்கத்தில் நிற்பவர் ராத்திரி முழுக்கக் கண்ணில் மணல் போட்டது மாதிரி தவிப்பார். தரையில் சிந்திய எண்ணெயை நீங்கள் சிந்தவில்லை என்றாலும் துடையுங்கள், இல்லாவிட்டால் யாராவது வழுக்கி ஓடுகிற மெஷின்மேல் கை ஊன்றுவார்.

சிப்ஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மைல்ட் ஸ்டீலில் நீள நீளமாகச் சுருள் வரும், பார்க்க அழகாக இருக்கும், ரிப்பன் மாதிரி கையால் இழுக்கத் தோன்றும். அது பிளேடு, அதுவும் சூடான பிளேடு. ஒரு முனை சக்கில் மாட்டியிருந்தால் இழுக்கிறவரையும் சேர்த்து இழுக்கும். மெஷினை நிறுத்தி, கொக்கியால் இழுத்து, பிரஷ்ஷால் தள்ளுங்கள். துடைக்கிற பனியன் வேஸ்ட்டை ஓடுகிற ஜாபின் அருகே கொண்டுபோகாதீர்கள், கையுறைக்குச் சொன்ன கணக்கு அதற்கும் உண்டு. ஏர் ஹோஸ் வைத்து ஊதுவது சீக்கிரம் முடியும் வேலை, அதனால் எல்லாருக்கும் பிடிக்கும். ஊதின சிப்ஸ் எதிர் லேத்துக்காரர் கண்ணுக்குப் போகும், மீதி பெட்டுக்கும் டூலைச் சுமந்து நகர்கிற கேரேஜுக்கும் நடுவில் நுழைந்து ஸ்லைடைத் தின்னும். நம் மாவட்டத்தில் துடைப்பதோடு வேலை முடியாது. கடல் எந்தப் பக்கம் போனாலும் அருகில்தான். குளச்சல், முட்டம் பக்கத்துப் போட் என்ஜின் பட்டறைக்காரர்களைக் கேளுங்கள், உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்று சொல்வார்கள். வெள்ளிக்கிழமை வியர்த்த கையோடு பெட்டில் ஊன்றிவிட்டுப் போனால் திங்கட்கிழமை உங்கள் ஐந்து விரலும் துருவில் பதிந்திருக்கும். ஆள் யார் என்று விரல் அளவை வைத்தே நான் கண்டுபிடித்திருக்கிறேன். துடைத்தபின் பெட்டிலும் சக்கிலும் மெல்லிதாக எண்ணெய் தடவி, ஸ்பீடு லீவரை நியூட்ரலில் விட்டு, ஹாஃப் நட்டை எடுத்துவிட்டு, டெயில் ஸ்டாக்கைக் கடைசிக்குத் தள்ளிவிட்டுப் போங்கள். அடுத்த பேட்ச் உங்களைத் திட்டாது.

இப்போது உங்கள் கூட்டாளிகள் மூவர். அவர்கள் கடுப்பாவது உங்கள் மேல் இல்லை, சும்மா நிற்பதன் மேல். பிராக்டிக்கல் நேரம் முடிவதற்குள் நாலு பேர் ஜாபும் முடிய வேண்டும், ஒரே லேத். நான் செய்து பார்த்துப் பலித்த முறை இது. ஒருவர் லேத்தில் நிற்கும்போது அடுத்தவர் தன் ஜாபின் அளவுகளையும் சுற்று எண்ணிக்கையையும் நோட்டில் போட்டு வைக்கட்டும். மூன்றாமவர் டூலைத் தேய்த்துக்கொண்டு வரட்டும். நாலாமவர் முடித்த ஜாபின் பிசிறு எடுத்து அளந்து எழுதட்டும். லேத்தருகே மஞ்சள் கோட்டுக்குள் ஒருவர்தான், மற்றவர் எல்லாம் வெளியே. இப்படிச் செய்தால் உங்கள் நிதானம் யாருக்கும் பாரமாகத் தெரியாது, பெரும்பாலும் நேரமும் மிஞ்சும். இதை நீங்களே முன்வந்து சொல்லுங்கள். "பயமாக இருக்கிறது" என்று சொன்னால் சிரிப்பார்கள், "நம் நாலு பேர் ஜாபும் இன்றைக்கு முடியணும், இப்படிப் பிரிச்சுக்கலாமா?" என்று கேட்டால் கேட்பார்கள்.

ஒருவர் தப்பாகச் செய்வதைப் பார்த்தால் எப்படிச் சொல்வது என்பதும் முக்கியம். ஓடுகிற மெஷினில் நிற்பவரின் தோளைத் தட்டாதீர்கள், பின்னாலிருந்து கத்தாதீர்கள். அவர் திரும்புவார், கை அங்கேயே இருக்கும். அவர் பார்வையில் படுகிற மாதிரி எதிரே போய் நின்று, கண் பார்த்ததும் கையை வீசி நிறுத்தச் சொல்லுங்கள். உடனடி ஆபத்து என்றால் காத்திராமல் நீங்களே சிவப்புப் பட்டனை அமுக்குங்கள். உங்கள் பக்கத்து மெஷினில் யாரோ டயல் கேஜ் வைத்துச் சென்டர் பார்த்து ஜாபை விட்டுப் போயிருந்தால் அதைத் தொட வேண்டாம், அவருடைய ஒரு மணி நேர உழைப்பு ஒரு தட்டில் போய்விடும். மைக்ரோமீட்டரைக் கிளாம்ப் மாதிரி இறுக்குவது, வெர்னியரால் மார்க்கிங் கீறுவது, ஓடுகிற ஜாபில் அளப்பது எல்லாம் கருவிக்கும் கேடு, கைக்கும் கேடு. டிரில் பிட் உடைந்தால் ஸ்டோரில் சொல்லிவிடுங்கள். ஒளித்து வைத்த உடைந்த பிட்டை அடுத்த வாரம் ஒரு முதல் வருடப் பிள்ளை மாட்டும்.

முதலுதவி பற்றி டாக்டர் அளவுக்குச் சொல்ல நான் ஆளில்லை, பட்டறையில் சொல்லிக்கொடுத்தது மட்டும். கண்ணில் துகள் பட்டால் கசக்காதீர்கள். குத்தி நிற்பதை நீங்களாக எடுக்காமல், அழுத்தாமல் மூடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். சூடு பட்டால் குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் ஓடவிடுங்கள், பேஸ்டும் மையும் வேண்டாம். விரல் துண்டானால் காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டே, துண்டை ஈரத் துணியில் சுற்றி ஒரு பாலித்தீன் பைக்குள் போட்டு, அந்தப் பையை ஐஸின்மேல் வையுங்கள். நேராக ஐஸில் போடக்கூடாது. 108ஐக் கூப்பிடுங்கள். அடிபட்டவர் எதையும் மறைக்காமல் சாரிடம் உடனே சொல்ல வேண்டும், திட்டு விழுந்தாலும் பரவாயில்லை.

நாளைக்குப் போனதும் சாரிடம் இரண்டு கேளுங்கள்: மெயின் சுவிட்ச் எங்கே, நம் லேத்தில் கரண்ட் வந்ததும் தானாக ஓடுமா. அப்பா வாங்கித் தந்த கையுறையை வீட்டில் போட்டுவிடாதீர்கள். மெஷின் நின்றபின் ட்ரேயில் கிடக்கிற சுருளை அள்ள நாலு பேரில் யாருக்காவது வேண்டியிருக்கும், ஒரு ஜோடி போதும்.